மாப்பிள்ளையைப் பெரியப்பாவாக்கிய எட்டு இடைவெளிகள்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் முட்டாள்தனத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. நான் யாரைப் பற்றியும் கோள் சொல்லவில்லை, மொட்டைக் கடிதம் போடவில்லை. ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்து, பழம்பொரி தின்ற விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எடிட்டரின் செட்டிங் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்கே ஒரு கடற்கரை ஊர் முழுக்க என்னைத் தேடியது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்றுப் போகிறவனிடம் மரியாதைக்காக, "உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க சார்" என்று கேட்டீர்கள். மூன்று நாள் தேடிப் பார்த்தேன். சாதனை என்று ஒன்றும் கையில் சிக்கவில்லை. தப்பு மட்டும் தரம் பிரித்து அடுக்குகிற அளவுக்கு இருக்கிறது. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தருகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பழைய ஆபீஸ் இருந்தது. ஆறு பேர். நான்தான் தலைவன். தலைவன் என்றால் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று "இந்த வரி ஏன் இப்படிக் கோணலாக நிற்கிறது?" என்று கேட்பவன். கோணல் என் கண்ணுக்கு ஆகாது. ஓட்டலில் இலை போட்டால் அதை மேசை ஓரத்துக்கு நேராக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் தொழில் ஒழுக்கம் என்பேன்.

ஆறு பேரில் ஐந்து பேரின் வேலையை ஒருத்தியே செய்வாள். ஜெனிட்டா. கடற்கரைக்காரி. பேச்சு குறைவு, பிழை அதைவிடக் குறைவு. அவளுடைய ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்காக அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். பங்கில் உள்ள குடும்பங்களின் பட்டியல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில், கோயிலிலும் எங்கள் ஆபீசிலுமாக, இருக்கும். தெருவின் பெயர் இடது ஓரத்தில். அதற்குக் கீழே ஒரு படி உள்ளே தள்ளி வீட்டுத் தலைவர். அவருக்குக் கீழே இன்னொரு படி உள்ளே தள்ளி அவர் பிள்ளைகள், மூத்தது முதலில். யார் யாருக்குப் பிள்ளை என்பதைச் சொல்ல அந்த ஃபைலில் எழுத்து எதுவும் கிடையாது. வரிக்கு முன்னால் உள்ள வெற்றிடம்தான் சொல்லும். இரண்டு பெயரைக் கொடுத்தால் அவர்களுக்குள் என்ன உறவு என்று புரோகிராம் ஒரு தாளில் அச்சடித்துத் தரும். கல்யாணத்துக்கு முன்னால் ரத்த உறவு உண்டா என்று பார்க்க அந்தத் தாள் உதவும்.

பட்டியலில் பாதியை அடித்தவர் கோயிலில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். அவர் உள்ளே தள்ள டேப் கீயை அமுக்குவார். மீதியை ஜெனிட்டா அடித்தாள். அவள் நான்கு ஸ்பேஸ் போடுவாள். ஒரு டேப் என்றால் நான்கு ஸ்பேஸ் என்று புரோகிராமுக்குச் சொல்லி வைத்திருந்ததால் இரண்டும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தின.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதுக் கண்ணாடி வந்தது. மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை, நடுவில் தலைசுற்றல். அதில் பார்த்தால் நான்கு ஸ்பேஸ் தள்ளிய வரியும் தள்ளாத வரியும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கண்ணாடிக்கடைக்காரனைத் திட்டுவதை விட்டுவிட்டு நான் ஆபீசுக்குச் சட்டம் போட்டேன். இனி ஒரு படி என்பது எட்டு ஸ்பேஸ். டேப் என்பதே கூடாது. ஃபைலை சேவ் செய்யும்போது எடிட்டரே டேப்பையெல்லாம் எட்டு எட்டு ஸ்பேஸாக மாற்றிவிட வேண்டும். எந்த ஃபைலானாலும் சரி.

ஜெனிட்டா நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இந்த செட்டிங்க கோடுக்கு மட்டும் வச்சாப் போராதா? டெக்ஸ்ட் ஃபைலத் தொடாம ஒழிவாக்குங்க."

"மக்கா, வீடு தூத்து வாரும்போது ஒரு மூலைய மட்டும் விட்டுட்டா வாருவே?"

"மூலையில பிள்ள ஒறங்கினா விடுவேன் சார்."

எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துப் போனதால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் மறுநாளிலிருந்து கல்யாண லீவு. லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, எங்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நான் டிக் அடித்தேன். எல்லா ஃபைலையும் திறந்து சேவ் செய்தேன். பழைய நகல்கள் கிடந்த போல்டரையும் குப்பை என்று அழித்தேன். கோயில் ஃபைலில் முதல் தெருவைத் திறந்து பார்த்தேன். அது முழுக்க உபதேசியார் டேப்பில் அடித்த தெரு. எல்லா வரியும் ஒரே அளவில் விரிந்து, மார்கழி மாதத்துக் கோலம்போல் இருந்தது. சோதித்தாயிற்று என்று புது ஃபைலைக் கோயில் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். தப்பு வர வழியே இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்துச் சோதிப்பதில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. நீங்கள் சோதிக்கும்போது எங்கே இரண்டு பேரின் கைவேலை கலந்திருக்கிறதோ அங்கே பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து அருமனைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போன் வந்தது. அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை. மலையோரத்திலிருந்து மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் ஒரு முகமும் பழக்கமில்லை.

"உங்க சாஃப்ட்வேர் குடுத்த ஒரு தாளப் பத்தி சந்தேகம் சார். அதுல தப்பு வர வாய்ப்பு இருக்கா?"

யாருடைய தாள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம், அவர் சொல்லாதது சரி. நான் கேட்காததுதான் தப்பு. பஸ் நிறையக் கூட்டம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் நான் பேசுவதைக் கவனித்தார்கள். சும்மா இருப்பேனா?

"நூத்துக்கு நூறு சரி ஃபாதர். மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது."

அந்த இருவரில் ஒருவர் தலையை ஆட்டினார். அருமனை வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாகத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜெனிட்டா கூப்பிட்டாள்.

"சார், எனக்க மூணாம் ஓலைய இன்னைக்குப் பூசையில வாசிக்கல்ல."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் உண்டென்றால் சொல்லுங்கள் என்று கோயிலில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். அவளுக்கு இரண்டைப் பழைய பங்குத்தந்தை வாசித்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணம் புதன்கிழமை.

"ஏன் மக்கா வாசிக்கல்ல?"

"ஜெரால்டு எனக்குப் பெரியப்பாவாம்."

ஜெரால்டுதான் மாப்பிள்ளை. கத்தாரில் ஏசி மெக்கானிக். வயது இருபத்தொன்பது.

"எந்தக் கோட்டிக்காரன் அப்படிச் சொன்னான்?"

"நம்ம சாஃப்ட்வேரு சார்."

வாய்க்குக் கொண்டுபோன மரச்சீனியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"நேத்து ஃபாதர் உங்ககிட்ட கேட்டாராம். நீங்க நூத்துக்கு நூறுன்னு சொன்னியளாம்." பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. "அம்மை அழுதிட்டு இருக்கா. தெருவுல ஆளுக்கு ஒண்ணு பறையுகாவ. அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்கிரும், கிறிஸ்மஸ் வர இஞ்ச கல்யாணம் வைக்க மாட்டாவ. ஜெரால்டுக்கு டிசம்பர் ரெண்டாம் வாரம் டிக்கெட்டு. போனா ரெண்டு வருசம். இன்னைக்கு சாயங்காலப் பூசைதான் பாக்கி. நீங்க வாறியளா, இல்ல நான் வரட்டா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்ட விதத்தில், நான் போவதுதான் என் உடம்புக்கு நல்லது என்று பட்டது.

கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் தெருவைத் தேடினேன். ஜெரால்டின் அப்பா மிக்கேல், அந்த வருடம்தான் ஜெனிட்டா வீட்டுக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்தவர். அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்தது ஜெனிட்டாவே. ஊரில் மற்ற புது வீடுகளையெல்லாம் உபதேசியார்தான் சேர்ப்பார், இந்த ஒன்றை மட்டும் நானே அடிக்கிறேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டதும், ஏன் என்று எனக்கு அப்போது விளங்காததும் நினைவுக்கு வந்தன. அவள் தன் வழக்கப்படி ஸ்பேஸ் போட்டிருந்தாள். மிக்கேலுக்கு முன்னால் நான்கு, ஜெரால்டுக்கு முன்னால் எட்டு. கீழே அடுத்த வீடு அவளுடையது. அது உபதேசியார் அடித்தது. அவள் அப்பா சூசைக்கு முன்னால் ஒரு டேப், அவளுக்கு முன்னால் இரண்டு.

ஸ்பேஸ்கள் இருந்தபடி இருந்துவிட்டன. டேப்கள் மட்டும் என் புண்ணியத்தில் எட்டு எட்டாக வீங்கிவிட்டன. விளைவு, சூசை எட்டாவது இடத்துக்குப் போய் ஜெரால்டுக்கு நேர் கீழே நின்றார். அதாவது மிக்கேலுக்கு இரண்டாவது மகன் ஆனார். ஜெனிட்டா சூசைக்கு மகளாகவே தொடர்ந்தாள். மூத்தது முதலில் என்பதால் ஜெரால்டு அவளுக்கு அப்பாவின் அண்ணன். பெரியப்பா. இருபத்தொன்பது வயதுப் பெரியப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் தம்பி. புரோகிராம் வயதையும் பார்க்கட்டும் என்று ஜெனிட்டா ஒருமுறை சொன்னபோது, "தேவையில்லாம கோட நீட்டாத மக்கா" என்று சொன்ன புத்திசாலி யாரென்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

சூசையோடும் நிற்கவில்லை. அதற்குக் கீழே தெரு முடிய டேப்பில் அடித்த பத்து வீடு. பத்துத் தலைவர்களும் வரிசையாக மிக்கேலின் பிள்ளைகள்.

டேப் அளவை மறுபடி நான்காக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அளவைக் குறைக்க ஃபைலில் டேப் இருந்தால்தானே? எந்த எட்டு பழைய டேப், எந்த எட்டு உள்ளபடியே எட்டு என்று இனி எந்த எடிட்டராலும் சொல்ல முடியாது. மாற்றியதைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நாம் பாதி வேலையைத் துணிந்து செய்கிறோம். திரும்ப வராத மாற்றம் எது என்று செய்வதற்கு முன்னால் யோசிக்கிறவன் நல்ல வேலைக்காரன். நான் செய்த பிறகு யோசித்தேன். அதனால்தான் தலைவனாகவே ஓய்வு பெற்றேன்.

மிக்கேல், சூசை வீட்டு வரிகளைக் கையால் திருத்தினேன். புதுத் தாளை அச்சடித்தேன். 'உறவு: இல்லை' என்று வந்தது. வெற்றிவீரனாக பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு விட்டேன்.

கோயில் ஆபீசில் பங்குத்தந்தை என் புதுத் தாளையும் தன்னிடம் இருந்த பழைய தாளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நேத்து இது நூத்துக்கு நூறு சரின்னு சொன்னீங்க. இன்னைக்கு அது நூத்துக்கு நூறு சரின்னு சொல்றீங்க. ரெண்டும் உங்க மெஷின் குடுத்ததுதான். பொண்ணு உங்க ஆபீஸ்ல வேல பாக்குறவ. நீங்க அவளுக்காக மாத்திக் கொண்டுவந்ததுன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா நான் என்ன பதில் சொல்ல?"

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல ஃபாதர்."

"எப்படிப்பட்ட ஆள்னு நேத்தே பாத்துட்டேனே சார்."

கம்ப்யூட்டரிலிருந்து வரும் எந்தத் தாளையும் இனி வாங்கமாட்டேன் என்றார். ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசையின் தகப்பன் பெயர் என்னவென்று பார்க்க வேண்டும். அந்த அலமாரிச் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. உபதேசியார் முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன் முடிந்து திருவனந்தபுரத்திலிருந்து வந்து படுத்திருக்கிறார்.

வெளியே வந்தால் வாசலில் ஜெனிட்டாவும் ஜெரால்டும் நின்றார்கள். ஜெரால்டை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். என் பைக் சாவியை வாங்கி, தானே ஓட்டினான். பின்னால் நான். மணல் ரோட்டில் பாதி தூரம் போனான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"சார், கம்பெனிக்குப் போன் பண்ணி லீவ நீட்டித் தரச் சொல்லலாம்னு இருக்கேன். காரணம் கேப்பானுவ. என்ன சொல்லட்டும்? பொண்ணுக்குப் பெரியப்பா ஆயிட்டேன்னா?"

"இன்னைக்கே சரியாயிரும் தம்பி."

"நூத்துக்கு நூறா?"

அதற்குள் உபதேசியார் வீடு வந்துவிட்டது.

உபதேசியார் ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு கட்டிலில் சாய்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"ஆரு, கம்ப்யூட்டர் சாரா? நடையக் கேட்டா தப்பு செஞ்ச ஆளுக்க நட மாதிரி இருக்கே."

சொன்னேன். சூசை மிக்கேலின் மகன் ஆன இடம் வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார். கட்டில் ஆடியது. அடுக்களையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு ஓடிவந்தார்.

"சிரிக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா! கண்ணு போச்சுன்னா ஆரு பாக்க? சார், நீங்க என்ன பறஞ்சு இவியள சிரிக்க வச்சிய?"

"ஏட்டி, சூச மிக்கேலுக்க மவனாம்! ரெண்டுபேரும் எனக்க கூட ஒரே பெஞ்சுல இருந்து அடிவாங்கினவனுவ!" மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் ஒற்றைக் கண்ணைத் திருப்பினார். "ஓய், நான் டேப்ப ஒரு தடவ அமுக்கினா அது வீட்டுக்காரன். ரெண்டு தடவ அமுக்கினா பிள்ள. இத்தன வருசம் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல்ல. உமக்கு இதுல என்னவே வெளங்கல்ல?"

"அழகா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"அழகா இருக்கட்டுமாம்! இவரு அழகு பாக்க, ஒரு பிள்ளைக்க கல்யாணம் நிக்குது." சிரிப்பு நின்றுவிட்டது. தலையணைக்கடியில் துழாவிச் சாவியை எடுத்தார். ஆனால் என் கையில் தரவில்லை. ஜெரால்டின் கையில் கொடுத்தார்.

பதிவேடு கிடைத்தது. சூசையின் ஞானஸ்நான வரியில் தகப்பன் பெயர் வேறு, தாய் பெயர் வேறு, வீட்டுப்பெயரும் வேறு. பங்குத்தந்தை விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். மிக்கேலின் வரியையும் தேடி எடுத்து வாசித்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"சாயங்காலப் பூசையில மூணாம் ஓலைய வாசிச்சிடறேன்."

நான் எழுந்துவிட்டேன். கும்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பாதி திரும்பியும் விட்டேன்.

"உக்காருங்க சார். காலையில ஊரு முழுக்க இருக்கும்போது நிறுத்தினேன். இப்ப ஏன் நிறுத்தினேன், ஏன் வாசிக்கிறேன்னு சனங்களுக்குத் தெரியணும். நான் சொன்னா எதையோ மறைக்கிறேன்னு நெனப்பாங்க. காசு வாங்கிட்டாருன்னுகூடச் சொல்லுவாங்க, நான் வந்து அஞ்சு நாள்தான். நீங்க சொல்லுங்க. மைக்குல."

நான் வேறு மதத்துக்காரன், பூசையில் பேசலாமா என்று ஒரு வழி தேடிப் பார்த்தேன். பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் யாரும் பேசலாம் என்று அவர் அந்த வழியை அடைத்தார்.

சரி என்று ஒரு தாளில் எழுதினேன். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இன்று காலை ஓலை வாசிப்பதில் தாமதம் ஏற்பட்டது.' நாற்பது வருடம் ஆபீசில் இருந்தவனுக்கு இந்த மாதிரி வாக்கியம் தூக்கத்திலும் வரும். ஜெனிட்டாவிடம் காட்டினேன். வாசித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

"கோளாறுக்கு ஒரு பேரு இருக்குல்லா சார். அதையும் எழுதுங்க."

அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. அவளுக்குத் தாமதம் பிரச்சினையில்லை. ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தாலும், 'அவளுக்கும் அவனுக்கும் என்னமோ இருந்திச்சாம், அமுக்கிட்டாவ' என்று மீன் ஏலத்தில் பத்து வருடம் பேசுவார்கள். கோளாறு யாருடையது என்று தெரியாதவரை அது அவள் தலையில்தான் இருக்கும். தாளைக் கிழித்துப் போட்டேன்.

பூசை முடிந்தது. கோயில் நிறைந்து வெளியே வரை ஆட்கள். காலையில் தூங்கியவர்கள்கூட வந்திருந்தார்கள். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் தப்பு செஞ்சது" என்று தொடங்கினேன். என் பெயர், ஆபீஸ் எல்லாம் சொன்னேன். "இந்த ஊரு ஆளுகளுக்க பேர ஒரு ஃபைல்ல வச்சிருக்கு. அதுல ஒரு வரிய உள்ள தள்ளி எழுதினா, அது மேல இருக்க வரிக்குப் பிள்ளைன்னு அர்த்தம். நான் அழகுக்காக எல்லா வரியையும் தள்ளினேன். அதுல சூசை அண்ணாச்சி மிக்கேல் அண்ணாச்சிக்குப் பிள்ளையாயிட்டாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மாவின் குரல் வந்தது.

"தள்ளினா பிள்ளையாயிருமா? எனக்க மருமவ ஆறு வருசமா ஆஸ்பத்திரிக்கு நடக்கா, இது ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே!"

கோயில் அதிர்ந்தது. பங்குத்தந்தை குனிந்து பீடத்துத் துணியில் எதையோ சரிசெய்தார்.

ஆண்கள் பக்கத்தில் மிக்கேல் எழுந்தார். "சார், எனக்கு ஒத்த மவன்தான். உம்ம மெஷின்ல நேத்து எத்தன இருந்திச்சு?"

பொய் சொல்லக்கூடாத இடம். "பன்னெண்டு அண்ணாச்சி."

"பன்னெண்டா!"

எதிர்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தார். "அந்த மத்த பதினொண்ணும் எந்த ஊருல வச்சுவே?"

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. நான் பெயர் சொல்லச் சொல்ல, மிக்கேலின் பதினொரு புது மகன்களும் எழுந்து அவரைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டார்கள். அதில் மூன்று பேர் அவரைவிட மூத்தவர்கள். சூசையும் சிரித்தார். நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள், அது அழுகை இல்லை.

சத்தம் அடங்கியதும் பங்குத்தந்தை மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்ற இடத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செட்டிங் ஃபைலைத் திங்கட்கிழமை காலையில் திருத்தினேன். கோடுக்கு மட்டும், அதுவும் எல்லாரிடமும் கேட்டுவிட்டு. நீங்கள் இப்போது எந்த எடிட்டரில் எந்த அளவு வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு வையுங்கள், நான்கு வையுங்கள், உங்கள் இஷ்டம். வெற்றிடத்துக்கு அர்த்தம் வைத்து ஒருவர் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைலைப் பார்த்தால் தெரியாது. யாராவது போனில் "தப்பு வர வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டால், பஸ்ஸில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், "எது, யாருடையது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் தலையாட்ட மாட்டார். பரவாயில்லை.

புதன்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. மண்டபத்தில் எனக்குத் தனி மரியாதை. போகிற வருகிறவர்களெல்லாம் என்னைக் காட்டி, "தள்ளினது இவருதான்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் இலையை நான் நேராக்கும்போது பரிமாறிய பையன்கூட, "சார், அதத் தொடாதீங்க" என்றான்.

பரிசுப் பொட்டலத்தோடு மேடை ஏறினேன். ஜெரால்டு கையைக் குலுக்கி இடம் விட்டான். ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். போட்டோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன்.

"மக்கா, சாரு மேல இப்பவும் கோவமா இருக்கியா? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, நிம்மதியாப் போறேன்."

அவள் கேமராவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரித்த முகத்தின் சிரிப்பும் மாறவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"போட்டோக்கு சிரிங்க சார், மத்தத ஆபீஸ்ல வச்சுப் பேசலாம்."